ஷாக் அப்சார்பர் போயாச்சு

காணாமல் போன ஆள் ஒருவர். அவரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி வந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் உடன்பிறந்தவர்கள். ஆனால் தனித்தனியாக, அரை மணி நேர இடைவெளியில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்திருந்தார்கள். மூத்தவர், "எல்லாம் என் தம்பி வேலை" என்றார். இளையவர், "எல்லாம் என் அண்ணன் வேலை" என்றார். இன்று மாலை நாலு மணிக்குள் ஆள் கிடைக்காவிட்டால் போலீஸுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிடப் போவதாக இருவருமே சொன்னார்கள். நேரம்கூட மாறவில்லை.

"அண்ணி, இவங்க ரெண்டு பேரும் ஸ்டேஷன் வாசல்ல முட்டிக்கப் போறாங்க" என்றான் கொழுந்தன், காரைக் கிளப்பிக்கொண்டே. "ஒரு கேஸுக்கு ரெண்டு கட்சிக்காரங்க. தள்ளுபடி ஏதாவது உண்டா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு தம்பி" என்றார் அண்ணி.

அண்ணி பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். உடைந்ததாகச் சொல்லப்படும் பொருள்கள் நிஜமாகவே உடைந்தனவா, உடைக்கப்பட்டனவா என்று பார்ப்பது வேலை. அதை விட்டுவிட்டுத் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தபோது, ஸ்கூல் வாத்தியாரான வீட்டுக்காரர் கூடவே தன் தம்பியையும் இலவச இணைப்பாகக் கொடுத்தார். மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து, டாக்டர்களிடம் அதிகம் ஜோக் அடித்ததால் வேலையை இழந்த தம்பி. கார் அவனுடையது. வாய் அதைவிட வேகமானது.

சகோதரர்கள் நடத்துவது வீடு மாற்றித் தரும் கம்பெனி. பெரியவர் பொருள்களைக் கட்டும் பிரிவு, சின்னவர் லாரிப் பிரிவு. கீழே பின்பக்கம் லாரிகள் நிற்கும் முற்றம். மாடியில் தெருவைப் பார்த்து வரிசையாக மூன்று அறைகள். இடதுகோடி பெரியவருக்கு, வலதுகோடி சின்னவருக்கு. நடு அறை, காணாமல் போனவருக்கு. அவர் இந்தச் சகோதரர்களின் தங்கை கணவர். கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை'தான்.

நடு அறைக்கு இரண்டு பக்கமும் கதவு. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, எண் காட்டாத பழைய டெலிபோன். மேஜை மேல் ஒரு துண்டுச் சீட்டு. மூன்று நாளைக்கு முன் காலையில், நாற்காலி காலியாக இருந்தபோது கிடைத்தது.

'ஷாக் அப்சார்பர் போயாச்சு.'

அவ்வளவுதான். கையெழுத்து மாப்பிள்ளையுடையது என்பதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். தனித்தனியாக.

"விஷயம் இதுதான்" என்றார் பெரியவர், காற்றுக் குமிழி ஷீட்டைப் பட்பட்டென்று உடைத்தபடி. "அந்த ஆள் லாரிக்கு மட்டமான ஷாக் அப்சார்பர் வாங்கிப் போட்டிருக்கான். மாப்பிள்ளை கண்டுபிடிச்சிட்டார். அதனால அவரை எங்கேயோ மறைச்சு வெச்சிருக்கான்."

வலதுகோடி அறையில் சின்னவரின் கதை வேறு. "அந்தப் பெரிய மனுஷன் லாரியில அளவுக்கு மேல ஏத்துவார். ஷாக் அப்சார்பர் போயிருக்கும். மாப்பிள்ளை தட்டிக் கேட்டிருப்பார். பாவம், நல்ல மனுஷன்."

அண்ணி இரண்டையும் கேட்டுக்கொண்டு நடு அறைக்கு வந்து, ஜன்னலருகே நின்று தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். குறுகலான தெரு. எதிரே ஒரு மெத்தைக் கடை, அதற்கு மேல் ஒரு மாடி.

"தம்பி, இங்க வா" என்று இடப்பக்கத்திலிருந்து பெரியவரின் குரல். கொழுந்தன் போனான்.

"நாளைக்குக் காலையில ஒரு லைப்ரரியையே இடம் மாத்தணும். அறுபதாயிரம் புத்தகம். எத்தனை லாரி அனுப்பப் போறான்னு அந்த ஆளைக் கேட்டுட்டு வா. மூளைன்னு ஒண்ணு இருந்தா பதில் சொல்லச் சொல்லு."

"நீங்களே கேக்கலாமே சார்?"

"நான் அவன்கிட்ட பேசி பதினோரு வருஷம் ஆச்சு."

காரணம் ஒரு பீரோ. அதை நிற்க வைத்து ஏற்றுவதா, படுக்க வைத்து ஏற்றுவதா என்பதில் வந்த சண்டை. பீரோவின் சொந்தக்காரர்கூட அதை மறந்திருப்பார்.

கொழுந்தன் நடு அறையைத் தாண்டி வலப்பக்கம் போனான். "சார், பெரியவர் நாளைக்கு எத்தனை லாரின்னு கேக்கிறார். நிதானமா யோசிச்சுச் சொன்னாப் போதுமாம்."

"ஆறு. போன தடவை மாதிரி கண்ணாடிச் சாமானுக்கு மேல இரும்புச் சாமானை வெச்சுக் கட்டுற அறிவாளித்தனம் இந்தத் தடவை வேண்டாம்னு சொல்லு."

திரும்பினான். "ஆறு லாரி சார். கட்டுற விஷயத்துல உங்க அனுபவம் வேற யாருக்கும் வராதுன்னு சொல்றார்."

பெரியவரின் கையில் குமிழி உடைவது நின்றது. "அப்படியா சொன்னான்?"

"ஏறக்குறைய."

பத்து நிமிடத்தில் பதினான்கு நடை. அதற்குள் கொழுந்தனுக்கு நெற்றி வியர்த்து, முழங்கால் வலித்து, நாக்கு உலர்ந்துவிட்டது. பதினைந்தாவது நடையில் அலுத்துப்போய் ஒரு வார்த்தையை அப்படியே சொல்லிவிட்டான். சின்னவர் சொன்ன 'முரட்டு ஜென்மம்' பெரியவர் காதில் சுத்தமாக விழுந்தது.

அடுத்த நொடி இரண்டு கதவுகளும் படாரென்று திறந்தன. இரண்டு பேரும் நடு அறை வாசலில் நின்று, ஒருவரையொருவர் பார்க்காமல், கூரையைப் பார்த்துக் கத்தினார்கள். "சிலபேருக்கு நாக்குல எலும்பே இல்ல!" என்று ஒருவர். "சிலபேருக்கு எலும்பைத் தவிர வேற ஒண்ணுமே இல்ல!" என்று மற்றவர். கொழுந்தன் மேஜைக்குக் கீழே இடமிருக்கிறதா என்று பார்த்தான்.

டெலிபோன் அடித்தது.

சண்டை சட்டென்று நின்றது. பெரியவர் எடுத்து, "ஹலோ... ஹலோ..." என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்தார். இருவரும் ஏன் அங்கே வந்தோம் என்று மறந்தவர்கள் மாதிரி அவரவர் அறைக்குத் திரும்பினார்கள்.

"இதே தொல்லை மூணு நாளா" என்றார் சின்னவர், கதவைச் சாத்துமுன். "எடுத்தா பேச்சும் கிடையாது, மூச்சும் கிடையாது. அதுவும் நாங்க ஏதாவது முக்கியமா பேசுறப்பப் பார்த்துத்தான் வருது."

அண்ணி ஜன்னலிலிருந்து திரும்பவேயில்லை. "வா தம்பி, மெக்கானிக்கைப் பார்ப்போம்" என்றார்.

மெக்கானிக் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். மூன்றாம் எண் லாரிக்கு அடியிலிருந்து முதலில் செருப்பும், பிறகு ஸ்பானரும், கடைசியில் சிரித்த முகமும் வெளியே வந்தன.

"ஷாக் அப்சார்பரா? ஆறு வண்டிக்கும் மாத்தி ரெண்டு மாசம்தான் ஆகுது. என் கையாலதான் மாட்டினேன். தொட்டுப் பாருங்க. உள்ளே இருக்கிற எண்ணெய் கசிஞ்சா தூசி அப்பிக்கும். இது பளபளன்னு இருக்கா இல்லையா?"

கொழுந்தன் தொட்டுப் பார்த்தான். விரல் சுத்தமாகவே வந்தது. "அப்போ லாரியோட எடையைத் தாங்குறது இந்தக் குழாய்தானா அக்கா?"

மெக்கானிக் அவனை, லைசென்ஸ் யார் கொடுத்தது என்பதுபோலப் பார்த்தாள். "எடையைத் தாங்குறது ஸ்பிரிங். இந்தக் கம்பெனியில பாதிப் பேருக்கு உங்களை மாதிரிதான் நெனப்பு. இங்க வாங்க, உங்க வண்டியிலயே காட்டுறேன்."

அவன் காரின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திவிட்டு எடுத்தாள். கார் தலையை ஆட்டியது. ஆட்டிக்கொண்டே இருந்தது.

"பார்த்தீங்களா? ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், ஆனா அதுக்கு நிறுத்தத் தெரியாது. ஒரு குழியில விழுந்தா பத்து தடவை குதிக்கும். இந்தப் பக்கம் ஸ்பிரிங், அந்தப் பக்கம் சக்கரம். ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் துள்ளும்போது நடுவுல நின்னு, அந்தத் துள்ளலை வாங்கி, எண்ணெயில கரைச்சு, தான் சூடாகி, வண்டியை அமைதியா ஓட வெக்கிறதுதான் ஷாக் அப்சார்பர். அது வேலை செய்யறவரைக்கும் அது இருக்கிறதே யாருக்கும் தெரியாது. போனப்புறம்தான் தெரியும்." காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "உங்க வண்டியில முன்பக்கம் ரெண்டும் போயிடுச்சு. வலது லைட்டு போச்சு. ஹாரன் எப்பவோ போச்சு."

"அது போகல அக்கா, கூச்ச சுபாவம்" என்றான் கொழுந்தன்.

அண்ணி சிரிக்கவில்லை. மெக்கானிக்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "லாரி தவிர வேற எதுல ஷாக் அப்சார்பர் இருக்கும்?"

"மோட்டார் சைக்கிள்ல இருக்கும். லிஃப்ட் குழிக்கு அடியில இருக்கும். அவ்வளவு ஏன், துணி துவைக்கிற மெஷின்லகூட இருக்கு. தொட்டி சுத்துறப்ப குதிக்காம இருக்கணுமே."

மாப்பிள்ளையிடம் மோட்டார் சைக்கிள் இல்லை. அவர் வீடு தரைத்தளம், லிஃப்டும் இல்லை. மிச்சமிருந்தது துணி துவைக்கும் மெஷின்.

வீடு இரண்டு தெரு தள்ளி. கதவைத் திறந்த தங்கை முகத்தில் கவலை இருந்தது. ஆனால் அது எங்கேயோ பார்த்துப் பழகிய கவலையாக, கொஞ்சம் அளவு பெரிதாகத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. கொழுந்தன் அதைக் கவனித்தான். பாவம், அழுது அழுது ஓய்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

"எங்க இருக்காரோ, சாப்பிட்டாரோ இல்லையோ" என்றார் அந்த அம்மா, மூவருக்கும் டீ ஊற்றிக்கொண்டே. "எங்க அண்ணனுங்க ரெண்டு பேர்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"நிறைய சொன்னாங்க" என்றான் கொழுந்தன். "எதையும் உங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்லல."

மெஷின் பின்கட்டில் ஓடி முடித்து அப்போதுதான் நின்றிருந்தது. கொழுந்தன் தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, தொட்டிக்குக் கீழே இருந்த இரண்டு சின்னக் குழாய்களைப் பார்த்தான். எண்ணெய்க் கசிவும் இல்லை, தளர்வும் இல்லை. அவன் அங்கே தூசியோடு போராடிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணி, அந்த அம்மாவுக்கு உதவியாக, மெஷினிலிருந்து துணியை எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு துவாலை, ஒரு தலையணை உறை, மூன்று முழுக்கைச் சட்டை. கொடிக்கு அந்தப் பக்கம் பெண்கள் இருவரும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"ஒண்ணும் இல்ல அண்ணி" என்று எழுந்தான் கொழுந்தன், மூக்கில் ஒரு நூலாம்படையோடு. "இந்த மெஷின் நல்லா இருக்கு. லாரி நல்லா இருக்கு. ஊர்லயே ஷாக் அப்சார்பர் போனது நம்ம கார்ல மட்டும்தான். மாப்பிள்ளையை நாமதான் கடத்தியிருக்கோம்."

காரில் ஏறியதும் மணி மூன்று பத்து. கொழுந்தன் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தான். ஐம்பது நிமிடத்தில் இரண்டு சகோதரர்கள் போலீஸில் ஒருவர் மேல் ஒருவர் புகார் எழுதிக் கொடுப்பார்கள். நாளைக்கு அறுபதாயிரம் புத்தகம் நடுத்தெருவில் நிற்கும். அதற்கு அடுத்த நாள் கம்பெனியும் இருக்காது.

"தம்பி, அந்த மெக்கானிக் உன் கார் லைட்டைப் பத்தி என்ன சொன்னா?"

"போச்சுன்னா."

"ஷாக் அப்சார்பரை?"

"போயிடுச்சுன்னா. வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க அண்ணி."

"உங்க அண்ணன் காலையில ஸ்கூலுக்குப் போனதும் உனக்குப் போன் பண்ணி நான் என்ன சொல்வேன்?"

"'அவர் போயாச்சு, வண்டியை எடுத்துட்டு வா'ன்னு சொல்..." கொழுந்தன் நிமிர்ந்தான்.

அண்ணி தலையசைத்தார். "பல்பு போகும், பேட்டரி போயிடும், லைட்டு போச்சுன்னு சொல்வோம். 'பல்பு போயாச்சு'ன்னு எந்த ஊர்லயாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா? கெட்டுப்போன சாமானுக்கு அந்தப் பேச்சு வராது. கிளம்பணும்னு நெனச்சு, கிளம்பிப் போன ஆளுக்குத்தான் 'போயாச்சு'."

"அப்போ ஷாக் அப்சார்பர்ங்கிறது..."

"காலையில பத்து நிமிஷம் நீ என்ன வேலை பார்த்த?"

கொழுந்தன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டான். இடது கதவு, வலது கதவு. 'மூளை இருந்தா' என்பது 'நிதானமா யோசிச்சு' ஆனது. 'அறிவாளித்தனம்' என்பது 'அனுபவம்' ஆனது. பதினான்கு நடைதான். அதற்கே அவனுக்கு எண்ணெய் கசிந்துவிட்டது. அந்த மனிதர் பதினோரு வருடம் நடந்திருக்கிறார்.

"அடப் பாவமே" என்றான். இந்த ஒரு தடவை அவனுக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"எங்க போனார்னு கேக்க மாட்டியா? சண்டை ஆரம்பிச்சா போன் வருது. நின்னா போன் நின்னுடுது. ரெண்டு கோடி அறை ஜன்னலையும் ஒரே நேரத்துல பார்க்க முடியற இடம் அந்தத் தெருவுல ஒண்ணே ஒண்ணுதான். விட்டுட்டுப் போனார், ஆனா மனசு கேக்கல. வண்டியை எடு. நீ மெத்தைக் கடை மாடிக்குப் போ. நான் கம்பெனிக்குப் போறேன்."

"போய்?"

"ரெண்டு பேரையும் உக்கார வெச்சு ஒரு பொய்ச் சண்டை போடச் சொல்லப் போறேன். அவர் போனை எடுக்கிறப்ப நீ பிடி."

"பொய்ச் சண்டைன்னா யார் என்ன பேசறதுன்னு முதல்ல பேசி வெச்சுக்கணுமே அண்ணி. நடுவுல யார் போய்ச் சொல்றது? நான் எதிர் மாடியில இருப்பேன்."

"ஆமா" என்றார் அண்ணி. "நீ எதிர் மாடியில இருப்ப."

மெத்தைக் கடைக்குப் பக்கத்தில் செங்குத்தான படிக்கட்டு. கொழுந்தன் பூனை மாதிரி ஏறினான். மேலே கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே, ஜன்னல் திரைக்குப் பின்னால், ஒல்லியான ஒரு மனிதர் மடியில் செல்போனோடு உட்கார்ந்திருந்தார். ஆளைப் பார்த்ததும் கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் ஃபிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"வாங்க தம்பி" என்றார் மாப்பிள்ளையின் மனைவி. இப்போது முகத்தில் கவலையின் தடயமே இல்லை. "குறுக்குச் சந்து வழியா வந்துட்டேன். டீ குடிக்கிறீங்களா?"

"அம்மா, நீங்க... கண்ணீர் விட்டீங்களே?"

"விடவே இல்லையே. நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. உங்க அண்ணி ஏமாறல. மூணு நாளாக் காணாத ஆளோட மூணு சட்டை மெஷின்ல எப்படி வந்துச்சுன்னு கொடியில போட்டுக்கிட்டே கேட்டாங்க. அப்புறம் அவங்களே, 'இஸ்திரி போட்டு உறையில வெச்சுக் கொண்டு போங்க, மெத்தைக் கடை மாடியில பஞ்சு பறக்கும்'னாங்க."

கொழுந்தன் தரையில் உட்கார்ந்துவிட்டான். காரில் அவ்வளவு நேரம் அவனைக் கேள்வி கேட்டுத் துருவியதெல்லாம் அண்ணிக்கு வெறும் பொழுதுபோக்கு.

"யோசனை என்னோடதுதான்" என்று அந்த அம்மா தொடர்ந்தார். "போன வாரம் இவருக்குக் கை வலின்னு டாக்டர்கிட்ட போனோம். 'ரொம்ப வலிக்குதா?'ன்னு கேட்டார் டாக்டர். இவர் என்ன சொன்னார் தெரியுமா? 'கை உங்களை ரொம்ப மரியாதையா விசாரிக்குது'ன்னார். டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுத் தலையில அடி கிடி பட்டுச்சான்னு கேட்டார். இவருக்கு எதையும் நேராச் சொல்ற பழக்கமே விட்டுப் போச்சு. அதான், 'ஒரு வாரம் எங்கேயாவது போய் இருங்க'ன்னு அனுப்பினேன். இவர் போன தூரம் இவ்வளவுதான்."

"ரெண்டு பேரும் நல்லவங்க" என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "வேகம்தான் ஜாஸ்தி."

"சார், இன்னும் இருபது நிமிஷத்துல அந்த நல்லவங்க ரெண்டு பேரும் போலீஸுக்குப் போகப் போறாங்க" என்றான் கொழுந்தன். மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. அவர் போனைக் கையில் எடுத்தபோதே எதிர்ப்பக்கம் ஜன்னல்கள் திறந்தன.

நடு அறையில் அண்ணி மாப்பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு சகோதரர்கள். தெரு குறுகல், பேச்சு நன்றாகவே கேட்டது.

"அந்த ஆள்கிட்ட சொல்லுங்கம்மா, நான்தான் முதல்ல கத்துவேன்" என்றார் பெரியவர்.

அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. "எனக்குக் காது கேக்காது."

"சொல்லுங்க, போன சண்டையும் அவர்தான் ஆரம்பிச்சார், இந்தத் தடவை என் முறை" என்றார் சின்னவர்.

"எனக்கு வாயும் பேச வராது. மணி மூணு நாப்பத்திரண்டு. மாப்பிள்ளை வேணுமா, வேண்டாமா?"

எதிர் மாடியில் மாப்பிள்ளையின் விரல் போன் பொத்தானின் மேல் போய் நின்றது. கொழுந்தன் அவரைப் பிடிக்க வேண்டியவன். பிடிக்கவில்லை, அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

சின்னவர் தொண்டையைச் செருமினார். ஒரு தடவை, இரண்டு தடவை. "அண்ணே..."

பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, நீயே ஆரம்பி. நான் ரெண்டாவது கத்துறேன்."

"எதைப் பத்திடா கத்துறது?"

"பீரோவைப் பத்திக் கத்தலாமா?"

"அதுல நீ சொன்னதுதான்டா சரி. நிக்க வெச்சுத்தான் ஏத்தியிருக்கணும்."

"இல்லண்ணே, அந்த வண்டிக்கு உயரம் பத்தாது. நீ சொன்னதுதான் சரி."

"அது எப்படி? நான்தான் தப்புன்னு சொல்றேனே!"

"நீ ஏன் தப்புங்கிறே? நான்தான் தப்பு!"

சண்டை பிடித்துக்கொண்டது. நிஜச் சண்டையே. மாப்பிள்ளை பழக்க தோஷத்தில் பொத்தானை அழுத்தப் போனார். அவர் மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சண்டை போடட்டும், விடுங்க" என்றார். மாப்பிள்ளை விட்டார். டெலிபோன் அடிக்கவில்லை. சண்டை தானாகவே வேகம் குறைந்து, தள்ளாடி, நின்றது.

சின்னவர் மேஜை விளிம்பில் உட்கார்ந்தார். "போன வருஷம் எனக்கு முதுகுல ஆபரேஷன் ஆச்சே. ஆஸ்பத்திரியில இருந்த ஒன்பது நாளும் நீ விசாரிச்சதா மாப்பிள்ளை வந்து சொல்லுவார். 'பெரியவர் ராத்திரியெல்லாம் தூங்கல'ன்னுகூடச் சொன்னார். எனக்கு நேர்ல வந்து ஏதாவது சொல்லணும்னு இருந்துச்சு. வரல."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் விசாரிக்கவே இல்லடா. ஒரு வார்த்தை கேக்கல."

எதிர் மாடியில் மாப்பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஆனா தூங்கலங்கிறது மட்டும் நிஜம்" என்றார் பெரியவர். "வீட்டுல யாருக்கும் தெரியாம மொட்டை மாடியில நடந்துக்கிட்டிருந்தேன். அது அந்த மனுஷனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் தெரியல."

சின்னவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, எதுவுமே நடக்காதது மாதிரி, "நாளைக்கு ஏழு மணிக்கு லாரி வந்துடும். பெட்டியெல்லாம் ரெடியா இருக்கணும்" என்றார்.

"ஆறரைக்கே இருக்கும்டா, மடையா."

கொழுந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த 'மடையா', நடுவில் ஒரு மெத்தையும் இல்லாமல், நேராகப் போய் விழுந்திருந்தது. ஆனால் சின்னவர் சிரித்துக்கொண்டிருந்தார். நடு அறையில் அண்ணி கண்ணைத் திறந்து, எதிர் ஜன்னலைப் பார்த்து, வரலாம் என்பதுபோலத் தலையசைத்தார்.

மாப்பிள்ளை எழுந்தார். கால் மரத்துப் போயிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டார். மனைவி ஃபிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி நீட்டினார். "குடிச்சிட்டுத் தெம்பா இறங்குங்க. எப்படி இருக்கு?"

மாப்பிள்ளை ஒரு வாய் குடித்தார். வழக்கம்போல முகத்தில் ஒரு பணிவான புன்னகை வந்தது. வாயைத் திறந்தார். மூடினார். எதிர் ஜன்னலை ஒரு தடவை பார்த்தார்.

"ஆறிப் போச்சு" என்றார். "சர்க்கரையும் இல்ல. நல்லாவே இல்ல."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் போல ஒன்றைக் கொழுந்தன் அதற்கு முன் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு ஓடி, தெருவே கேட்கும்படி அவர் கூப்பிட்டார்:

"பெரியண்ணே! சின்னண்ணே! இவர் என் டீயைக் குறை சொல்றார்!"